இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அரை மணி நேரம் சூடேறாமல் பாட்டு வைக்கக் கூடாது, எங்க வீட்டுக்காரர் வைக்க விடமாட்டாருங்க தம்பி என்று சொல்லிவிட்டு, அதை விற்கிற அந்த அம்மா காப்பி போட உள்ளே போய்விட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் சொல்ல நினைத்திருந்தது அது. என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, சரி போ. பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் குளிர்ந்த நிலையில் கேட்டுப் பார்த்து வாங்கியவர்கள் பிறகு தலையில் கை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். சூடேறினால்தான் அதனுடைய நல்லதும் கெட்டதும் வெளியே வரும். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி வழி கேட்டுப் போன் பண்ணினேனே, அப்போதே சுவிட்சைப் போட்டு வைத்திருக்கிறார். பரவாயில்லை. என் மனைவி கலாமணி மட்டும் இங்கே இருந்திருந்தால் அடுப்பில் உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது உங்கள் லட்சணம் என்று சொல்லியிருப்பாள். ஐம்பத்தாறு வயசுக்கு மேல் எதுக்கு இந்த இரும்புப் பெட்டி என்று காலையில் கேட்டாள். என்ன பதில் சொல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிது, அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுகிற இந்த சர்வேயர் உத்தியோகம், ரேஸ்கோர்ஸில் ஒரு மில் மேனேஜர் பங்களாவில் நசுங்கின அம்பாசிடரைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே ஒரு அம்மா பாடிக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஒருத்தர் உட்கார்ந்து பாடுகிறார் என்று நினைத்து, கதவோரம் எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, கீழே இதே ஜப்பான் ஆம்ப்ளிஃபயர். குரல் அந்தப் பெட்டியிலும் இல்லை, இந்தப் பெட்டியிலும் இல்லை. நடுவில், வெறும் காற்றில், ஆள் உட்கார்ந்திருக்கிற உயரத்தில் நின்றது. வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். இதைக் கலாமணிக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாட்டுக் கேட்டதுக்கு இத்தனை பில்டப்பா என்பாள்.

ஆம்ப்ளிஃபயரைச் சும்மா சொல்லக்கூடாது, நன்றாக வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. இரண்டு முள் மீட்டரிலும் விளக்கு எரிகிறது. பக்கவாட்டில், சூடு வெளியேறுவதற்காக வரிசையாக நிற்கிற அலுமினியத் தகடுகளில் கையை வைத்தேன், காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி இளஞ்சூடு. இரண்டு பக்கமும் ஒரே சூடு. அது நல்ல சகுனம், ஒரு பக்கம் மட்டும் சுட்டால் எழுந்து போய்விடலாம். முகத்தில் மட்டும் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது. பார்த்த உடனே வாயைத் திறக்காமல் இருப்பதுதான் என் தொழில், முப்பது வருஷப் பழக்கம், வண்டிக்காரன் ஒன்று சொல்லுவான், மெக்கானிக் ஒன்று சொல்லுவான், நாம் ம்ம் ம்ம் என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எழுத வேண்டும். அந்த அம்மா காப்பியோடு வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். சுலோசனா என்று பெயர், போனிலேயே சொல்லியிருந்தார். அறுபத்தஞ்சு இருக்கும். வீட்டுக்காரர் நாச்சிமுத்து, கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தவர், போன ஐப்பசியில் தவறிவிட்டார். அதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக்கு மேல் பக்கவாதம், வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. மகன் பிரபு ஓசூரில் இருக்கிறான், தன்னோடு வந்துவிடச் சொல்கிறான், அங்கே அபார்ட்மெண்டில் இதற்கெல்லாம் இடம் ஏது. நான் ம்ம் ம்ம் என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நான் சரியாகக் கேட்கவே இல்லை. ஒரு காதை இடது பக்க ஸ்பீக்கரிடம் கொடுத்து, உறுமல் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி தன் புருஷன் செத்த கதையைச் சொல்கிறாள், நான் பெட்டி உறுமுகிறதா என்று கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் காதை எடுக்கவில்லை. உறுமல் இல்லை.

அவர் உட்கார்ற நாற்காலி அதுதாங்க, உக்காருங்க என்று கையைக் காட்டினார். பிரம்பு நாற்காலி, இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில், தரையில் நாலு காலுக்கும் பெயிண்ட்டில் புள்ளி வைத்திருந்தார் மனுஷன். ஆள் நம்ம ஜாதி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், பாட்டு ஜாதி. பையிலிருந்து என்னுடைய சிடியை எடுத்துக் கொடுத்தேன். எதை வாங்கப் போனாலும் இதைத்தான் கொண்டுபோவேன், ஒரு அம்மாவின் கச்சேரி, ஒவ்வொரு மூச்சும் எனக்கு மனப்பாடம். தம்புரா ஆரம்பித்தது. அப்புறம் குரல். குரல் இல்லை. கேட்கிறது, ஆனால் இல்லை. நடுவில் இருக்க வேண்டிய அந்த அம்மா அங்கே உட்காரவில்லை, இடது பெட்டிக்கு வெளியே கொஞ்சம், வலது பெட்டிக்கு வெளியே கொஞ்சம், என் பின்னந்தலைக்குள் கொஞ்சம், ஆளைப் பிய்த்துப் போட்ட மாதிரி. மிருதங்கத்தில் வலந்தலை சுள் சுள்ளென்று வருகிறது, இடது தொப்பிப் பக்கத்துக் கும்மென்ற நாதத்தைக் காணோம். காதுக்குள் மலையேறும் பஸ்ஸில் அடைக்கிற மாதிரி ஒரு அடைப்பு. முதலில் பெட்டி போச்சு என்று நினைத்தேன். அடுத்த நொடியே வேறு பயம் வந்தது, பெட்டி இல்லை, நான்தான், என் காதுதான் போய்விட்டது, ஐம்பத்தாறு வயசு, தினமும் பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தம், எல்லாருக்கும் ஒரு நாள் வருவதுதானே. எழுந்து சமையலறை நிலைப்படி வரைக்கும் போய் நின்றேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. பாட்டு பாட்டாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் போனேன், அங்கேயும் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அந்த அம்மா காணாமல் போகிறார். இரண்டு பெட்டிக்கும் நடுவில், குரல் நிற்க வேண்டிய சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு முருகன் படம் மாட்டியிருந்தது. மற்ற சாமி படமெல்லாம் பூஜை அலமாரியில் இருக்க, இது மட்டும் ஏன் இங்கே தனியாக என்று எதற்கோ தோன்றியது.

பிறகுதான் மூளை வேலை செய்தது. பாட்டை நிறுத்திவிட்டு, பின்பக்கம் கொஞ்சம் பார்க்கிறேங்க என்று சொல்லி, மண்டிபோட்டுப் போன் லைட்டை அடித்தேன். நினைத்தது சரி. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு சிவப்பு முனை, ஒரு கறுப்பு முனை. வலது பக்கம் ஒழுங்காக இருந்தது. வயரின் உறையில் ஒரு ஓரமாக ஓடுகிற மெல்லிய கோட்டைப் பிடித்துப் போய்ப் பார்த்தால், இடது பக்கம் சிவப்பில் போக வேண்டியது கறுப்பிலும், கறுப்பில் போக வேண்டியது சிவப்பிலும் மாறி இருந்தது. இவ்வளவுதான். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், நடுவில் சேர வேண்டிய குரலை இரண்டும் சேர்ந்து தின்றுவிடும். நடுவில் உட்கார்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும், நிற்கிறவர்களுக்கும் நடமாடுகிறவர்களுக்கும் தெரியாது. ஒரு நிமிஷ வேலை. பழைய கண்ணாடி உறை வயர், உள்ளே ஒரு கம்பி செம்பு நிறம், ஒரு கம்பி வெள்ளி நிறமாக இருந்திருக்க வேண்டும், காலத்தில் இரண்டும் பச்சைப் பாசி பிடித்து ஒன்று போலவே ஆகிவிட்டன. நுனியில் மட்டும் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது, துரு என்று நினைத்தேன். அப்பாடா என்று இருந்தது. பெட்டியும் போகவில்லை, என் காதும் போகவில்லை. சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதாங்க சமாச்சாரம் என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் போனேன். சொல்லியிருப்பேன். தொழில் பழக்கம்தான் ஒரு நொடி வாயைக் கட்டியது, அந்த ஒரு நொடியில் அந்த அம்மா பேசிவிட்டார்.

“நீங்களும் அந்தச் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க தம்பி. அவரும் அப்படித்தானுங்க.”

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்ததாம். ஆசையாகக் கேட்பாரே என்று நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, அரை மணி நேரம் சூடாகவிட்டு, அவருக்குப் பிடித்ததைப் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கேட்டவர், நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி அந்தச் சுவரைக் காட்டினாராம். கையை இப்படியும் அப்படியும் திருப்பி, இல்லை, இல்லை என்கிற மாதிரி. பேச்சுத்தான் இல்லையே. என்னங்க, யாருங்க அங்கே என்று கேட்டால் இன்னும் வேகமாகக் கையை ஆட்டுவார், அப்புறம் அழுவார். தினமும் இதே. பாட்டு கேட்டு உருகி அழுகிறார் என்று முதலில் நினைத்து இன்னும் சத்தமாக வைத்தாராம். செத்துப்போன அவருடைய அண்ணன் அங்கே வந்து நிற்கிறாரோ என்று பயந்து, பயம் தெளிய அந்த இடத்தில் முருகன் படத்தை மாட்டினாராம். மகன் வந்து டாக்டரிடம் சொன்னான். இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது இந்த நோயில் உண்டு என்று சொல்லி டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பகலெல்லாம் தூங்குவார். எழுந்தால் பாட்டு, பாட்டு வைத்தால் சுவர். கடைசி நாலு மாசம் பாட்டே வைக்கவில்லை, பார்க்க மனசு பொறுக்கவில்லை என்றார். நான் மண்டிபோட்டபடியே இருந்தேன். கையில் அந்த வயர் இருந்தது. நுனியில் என்னமோ சிவப்பாக இருக்கிறதே என்று கேட்டேன், ஏன் கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குங்குமமுங்க, என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளில், வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று ஹாலுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறார். வயரைக் கழற்றுவதற்கு முன்னால் சிவப்பில் இருந்ததற்கெல்லாம் அடையாளமாகக் குங்குமம் வைத்திருக்கிறார். பிரபுவைக்கூடக் கூப்பிடலீங்க, நானே கழட்டி நானே மாட்டுனேன், அவரோட பெட்டியில வேற யாரும் கை வெச்சா அவருக்குப் பிடிக்காது என்றார். சுண்ணாம்பு ஈரத்தில் இடது பக்கத்துக் குங்குமம் இரண்டு கம்பிக்கும் பரவியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

என்ன மனுஷன் ஐயா நான், இங்கே எதற்கு வந்தேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்திருக்கலாமே. இரண்டு வருஷம் அந்த மனுஷன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, குரல் இல்லை, நடுவில் குரல் இல்லை, வயரைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கும், மூணே நொடியில் தெரிந்திருக்கும், எனக்கே தெரிகிறதென்றால் தரையில் புள்ளி வைக்கிற ஆளுக்குத் தெரியாதா. எழுந்து நாலடி நடந்து கையை நீட்டினால் சரியாகிவிடுகிற விஷயம். நாலடிதான். அதற்குப் பதில் மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தார்கள். ஐயோ. சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது, இந்த அம்மா தாங்க மாட்டார், அன்போடு செய்த காரியம், குங்குமம் வைத்துச் செய்த காரியம். வயரை அவிழ்த்து, சுருட்டி, பைக்குள் போட்டு, ஆட்டோ பிடித்து ஏற்றினால் முடிந்தது, இந்த உலகத்தில் இனி ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அறிக்கையில் எத்தனை விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன், இதையும் விடு. செத்தவருக்கு என்ன ஆகப்போகிறது. ஆனால் மனசு கேட்கவில்லை. நாளைக்கு இதை நான் வீட்டில் வைத்துக் கேட்பேன், சரியாக மாட்டி, நடுவில் அந்த அம்மா வந்து உட்கார்ந்து பாடுவார், நான் கண்ணை மூடிக்கொள்வேன், எனக்கு அந்த இடது கை தெரியுமே, அப்போது என்ன செய்வேன். கலாமணி மூணு மாசமாகச் சொல்கிறாள், ஒரு காதில் கொய்யென்று சத்தம் வந்துகொண்டே இருக்கிறது என்று. எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, ஃபேன் சத்தமாக இருக்கும் என்றேன். அவள் காதுக்குள் வருகிற சத்தம் எனக்கு எப்படிக் கேட்கும், முட்டாள். உறுமலைத் தேடி ஊர் ஊராகப் போகிறவன் நான். அவள் இரண்டாவது தடவை சொன்னபோது டாக்டரிடம் போ என்றேன், வா போகலாம் என்று சொல்லவில்லை. அவளும் அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். சொல்வதை விட்டுவிட்டாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அடச்சே, என்னைப் பற்றி இப்போது என்ன, இங்கே இந்த அம்மா நிற்கிறார், என் கையில் வயர் இருக்கிறது, கழற்றுவதா, மாற்றுவதா, வாயைத் திறப்பதா.

கழற்றுவது என்றுதான் முடிவு செய்தேன். சத்தியமாக அப்படித்தான் முடிவு செய்தேன். இடது பக்கத்துத் திருகைத் தளர்த்தவும் ஆரம்பித்தேன். அந்த அம்மா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவர், யாருக்கென்று இல்லாமல், சும்மா, போகிற போக்கில் சொன்னார், கடைசியில் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பிரபு ஊரெல்லாம் சொல்லிவிட்டான், காரியத்துக்கு வந்தவர்கள்கூட அதையே பேசினார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், நாற்பது வருஷம் ஒரு கணக்குத் தப்பாதவர், அவருக்குப் போய் அப்படி ஆகிவிட்டதே என்று. டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு பேரில் ஒருத்தர் தாங்க வேண்டும் இதை. உயிரோடு இருக்கிறவருக்காக வாயை மூடினால் அந்த மனுஷன் என்றைக்கும் புத்தி பிசகினவர்தான். பேச முடியாதவரை இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை, கேட்டுவிட்ட ஒரே ஆள் நான், நானும் கேட்காத மாதிரி போவதா. அம்மா என்று கூப்பிட்டேன்.

“அவருக்குப் புத்தி கடைசி வரைக்கும் நல்லாத்தாங்கம்மா இருந்துச்சு.”

திரும்பி நின்றார். நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஆனால் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். இரண்டு கம்பி மாறினால் குரல் நடுவில் நிற்காது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் அது தெரியும், நிலைப்படியில் நின்றால் தெரியவே தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை, எனக்கும் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் காட்டியது ஆளை இல்லை, அங்கே இருக்க வேண்டிய குரலை. உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்பதை மூணு தடவை சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மா டம்ளரை டீப்பாயில் வைத்தார். என் பக்கத்தில் வந்து, முட்டி வலிக்க வலிக்கக் குனிந்து, வயரைக் கையில் வாங்கி நுனியைப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியது.

“நான் மாத்திரையைப் பொடி பண்ணிக் கரைச்சுக் குடுப்பேனுங்க,” என்றார். “துப்புவாரு. வாயைப் பொத்திக் குடுப்பேன்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதோ ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுகிறேன், சரியாக எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள் என்று எதையோ உளறினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தளர்த்தின திருகைப் பழையபடியே முறுக்கச் சொன்னார். நான் முறுக்கினேன், முப்பது வருஷத்தில் தெரிந்தே தப்பாக நான் எதையும் மாட்டியதில்லை. அவர் போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலிருந்தே தெரிந்தது, இதில் இதுவரைக்கும் அவர் உட்கார்ந்ததே இல்லை, நுனியில் ஒட்டிக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். நல்லா சாய்ஞ்சு உக்காருங்கம்மா, தலை நடுவில் வரணும் என்று சொன்னேன். சாய்ந்துகொண்டார். அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். அலமாரியில் மேல் தட்டில் முதலாவது என்றார். எடுத்துப் போட்டேன். நான் நிலைப்படியில் போய் நின்றுகொண்டேன், அங்கிருந்து எனக்குப் பாட்டு நன்றாகவே கேட்டது. அவர் கண்ணை இமைக்காமல் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லவி முடிந்தது, சரணம் வந்தது, மீட்டரில் முள் எழும்பி எழும்பி விழுந்தது.

“ஆமாங்க,” என்றார், என்னிடம் இல்லை. “அங்க இல்லீங்க.”

கண்ணீர் வடிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் போய் மெஷினை நிறுத்தினேன். வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். போதும் என்று எனக்குத் தோன்றியது, இதற்கு மேல் இந்த அம்மாவை இப்படி உட்காரவைக்கக் கூடாது, சரியானதை ஒரு தடவையாவது கேட்டுவிட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இப்போதாவது மாற்றிப் போடட்டுங்களாம்மா என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷம் இப்படியே கேட்டிருக்காருங்க தம்பி. நான் ஒரு பாட்டுத்தானுங்களே கேட்டிருக்கறேன். இன்னொண்ணு வைங்க.”

வைத்தேன்.